எடின்பரோவில் நடப்பதற்கு எந்த மாதம், எந்தப் பாதை?

புதுக்குடை | 28 செப்டம்பர் 2024

வணக்கம். எடின்பரோவுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓராண்டு வேலை, அடுத்த அக்டோபரில் ஊர் திரும்ப வேண்டும். ரோஸ்பர்ன் பக்கம் வீடு. அலுவலகத்தில் யாரிடம் பேசினாலும் வானிலையில்தான் பேச்சு தொடங்குகிறது. இனி ஏப்ரல் வரை வெளியே தலைகாட்ட முடியாது என்கிறார்கள். எனக்கோ நடக்காமல் இருக்க முடியாது. ஊரில் விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து ஏரிக்கரையைச் சுற்றிப் பழகிய கால்கள்.

கோட்டை, அரண்மனை, அருங்காட்சியகம் என்று பட்டியல் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. இங்கேயே குடியிருப்பவர்கள் எந்த மாதத்தில் எந்த வழியாக நடக்கிறீர்கள் என்று சொன்னால் போதும். குளிர்காலத்தில் நடப்பது உண்மையிலேயே முடிகிற காரியமா?

பயணப்பெட்டி | 28 செப்டம்பர் 2024

ஜூலையில் மூன்று நாள் வந்திருந்தேன். முதலில் ஆர்தர்ஸ் சீட் ஏறிவிடுங்கள். நகரத்துக்கு நடுவிலேயே 251 மீட்டர் உயர மலை. ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையாக இருந்தது. நிதானமாக ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் உச்சி. மாலையில் கால்டன் மலை, இடையில் பழைய நகரத்தின் ராயல் மைல் தெரு. மழையும் இருட்டும் வருவதற்குள் இவற்றை முடித்துவிடுவது நல்லது.

லீத் கரை | 29 செப்டம்பர் 2024

பயணப்பெட்டி சொன்ன இடங்களில் குறை இல்லை. "முடித்துவிடுவது" என்ற சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. மூன்று நாள் வருபவருக்கு அது பொருந்தும். ஓராண்டு இருப்பவர் ஒரே ஒரு பாதையை எடுத்துக்கொண்டு அதிலேயே ஆண்டு முழுவதும் நடக்க வேண்டும். பதினாறு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். இந்த ஊரை எனக்குக் காட்டியது அந்த ஒரு பழக்கம்தான்.

ரோஸ்பர்னில் வீடு என்றால் பாதை உங்கள் வாசலிலேயே தொடங்குகிறது. 'வாட்டர் ஆஃப் லீத்' என்பது சின்ன ஆறு. நம் பக்கத்தில் இதை ஓடை என்றே சொல்வார்கள். பலெர்னோவிலிருந்து லீத் துறைமுகம் வரை அதன் கரையோடு ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு நடைபாதை இருக்கிறது. நீங்கள் ரோஸ்பர்னில் இறங்கி, நவீன ஓவியக்கூடத்தின் பின்புறமாக டீன் கிராமம், அங்கிருந்து ஸ்டாக்பிரிட்ஜ், பிறகு தாவரத் தோட்டம் என்று போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். இடையில் எங்காவது மண் சரிந்து ஒரு துண்டு மூடியிருந்தால் மாற்றுவழிப் பலகை வைத்திருப்பார்கள்.

ஓவியக்கூடத்துக்குக் கீழே ஆற்றுக்குள் ஓர் ஆள் நிற்பதைப் பார்ப்பீர்கள், பதற வேண்டாம். சிற்பி ஆண்டனி கோர்ம்லி 2010-இல் வைத்த ஆறு இரும்பு உருவங்களில் அது ஒன்று. லீத் வரை ஒவ்வொன்றாக வரும். நான் மழையை அளப்பது அவற்றை வைத்துத்தான். தண்ணீர் கணுக்காலில் இருக்கிறதா, தொடைக்கு ஏறிவிட்டதா என்று பார்த்தால் இந்த ஆறு பிறக்கிற பென்ட்லண்ட் குன்றுகளில் நேற்று எவ்வளவு கொட்டியது என்று தெரிந்துவிடும்.

டீன் கிராமம் பல நூற்றாண்டுகள் மாவரைத்த ஊர். ஒரு காலத்தில் பதினொரு ஆலைகள் ஓடின. படம் எடுக்கிற கூட்டம் எப்போதும் பாலத்தில் நிற்கும். நீங்கள் சுவர்களைப் பாருங்கள். அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளும் நீண்ட மரத்துடுப்புகளைக் குறுக்காக வைத்துக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். ரொட்டிக்காரர்கள் சங்கத்தின் அடையாளம் அது. தலைக்கு மேலே ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் தாமஸ் டெல்ஃபோர்டு கட்டிய டீன் பாலம். மேலே பஸ் போகும். கீழே ஆற்றுச் சத்தம் மட்டும்தான்.

வின் புதர் | 29 செப்டம்பர் 2024

தம்பி, குளிர்காலம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கிறவள், இருட்டு எனக்குப் பழக்கம். முடிகிற காரியம்தான். ஆனால் விடிகாலை ஐந்தரை நடையை மார்ச் வரை மறந்துவிட வேண்டும். டிசம்பர் 21 அன்று சூரியன் காலை 8.40 வாக்கில் எழுந்து பிற்பகல் 3.40-க்கு மறைந்துவிடும். வெளிச்சம் ஏழே மணி நேரம். வேலைக்குப் போவதும் இருட்டில், திரும்புவதும் இருட்டில் என்றாகும். எனவே மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரமாவது நடந்துவிடுங்கள். மழை பெய்தாலும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது நல்லது என்று இங்கே அரசே அறிவுறுத்துகிறது. நம்மைப் போன்ற கருத்த தோல் உள்ளவர்களுக்கு ஆண்டு முழுவதுமே. எங்கள் வார்டில் எலும்பு வலி என்று வரும் நம்மவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றும்.

குடையை நம்பாதீர்கள். காற்று ஒரே வீச்சில் அதைத் தாமரைப்பூவாக மலர்த்திவிடும். தலைமூடி உள்ள நல்ல மழைக்கோட்டும், அடிப்பகுதி வழுக்காத காலணியும் வாங்குங்கள். மற்றவற்றில் சிக்கனம் பார்க்கலாம்.

கல்படி | 1 அக்டோபர் 2024

மழை நாளுக்கு என் பரிந்துரை பழைய நகரத்தின் சந்துகள். இங்கே 'க்ளோஸ்' என்பார்கள். ராயல் மைலின் இரு பக்கமும் மீன்முள் போலப் பிரிந்து இறங்கும். அட்வகேட்ஸ் க்ளோஸின் மேற்படியில் நின்றால் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஸ்காட் நினைவுக் கோபுரம் தெரியும். மழையில் கல் கறுத்துப் பளபளக்கும்போதுதான் அந்தக் காட்சிக்கு அழகு. கேனன்கேட் பக்கம் டன்பார்ஸ் க்ளோஸுக்குள் நுழைந்தால் 17-ஆம் நூற்றாண்டுப் பாணியில் அமைத்த சிறு தோட்டம். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் வெள்ளையும் செங்கல் நிறமுமாகத் தெரிகிற ராம்சே கார்டன் வீடுகளையும் பாருங்கள். அவற்றின் பின்னால் இருந்தவர் பேட்ரிக் கெடிஸ். நெரிசலில் நசிந்துபோன பழைய நகரத்தை இடித்துத் தள்ளாமல், தேவையான இடத்தில் மட்டும் திறந்துவிட்டு, வெற்று மனைகளைத் தோட்டமாக்கி உயிர்ப்பிக்கலாம் என்று வாதாடியவர். அவருக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. 1914-இல் அவர் தன் நகர அமைப்புக் கண்காட்சியைக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். 'கிளான் கிராண்ட்' என்ற அந்தக் கப்பலை ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆம், அதே ஆண்டு செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன். நண்பர்கள் உதவியோடு புதிதாகச் சேர்த்த கண்காட்சியை 1915-இல் சென்னையில் வைத்தார். பிறகு மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் என்று தெருத்தெருவாக நடந்து அறிக்கை எழுதினார். நடந்து பார்த்துத்தான் ஓர் ஊரைப் புரிந்துகொள்ள முடியும் என்பது அவர் இந்தச் சந்துகளில் கற்றது. அதைத்தான் மதுரையிலும் செய்தார்.

பயணப்பெட்டி | 1 அக்டோபர் 2024

கல்படி ஐயா, ராம்சே கார்டனைப் படம் எடுத்திருக்கிறேன், இந்தக் கதை தெரியாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரே பாதையில் ஐம்பது முறை நடந்தால் சலித்துப்போகாதா? ஊரில் பார்க்காத இடம் அவ்வளவு இருக்கும்போது அது வீணில்லையா?

லீத் கரை | 2 அக்டோபர் 2024

சலிக்காது. பீச் மரம் ஒன்றை நவம்பரில் பார்த்தவர் அதையே மே மாதம் பார்த்தால்தான் அதைப் பார்த்தவர் ஆகிறார். புதுக்குடை ஆறு மாதம் கழித்து வந்து சொல்லட்டும்.

புதுக்குடை | 13 அக்டோபர் 2024

எல்லோருக்கும் நன்றி. இன்று நான்காவது முறையாக ஆற்றுப் பாதையில் போனேன். டீன் பாலத்துக்குச் சற்று முன்னால் தண்ணீருக்கு நடுவே ஒரு கல். அதன்மேல் கறுப்பாக, மார்பு மட்டும் வெள்ளையாக, கைக்குள் அடங்குகிற ஒரு பறவை. நின்ற இடத்திலேயே தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாறு முறை போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தே போய்விட்டது, பறக்கவில்லை! எண்ணிக்கொண்டே நின்றேன். பத்து வரை எண்ணியதும் வேறொரு கல்லில் ஏறி வாயில் எதையோ வைத்துக்கொண்டு மறுபடி தோப்புக்கரணம். அது என்ன பறவை?

லீத் கரை | 13 அக்டோபர் 2024

டிப்பர். ஓடும் தண்ணீரின் அடியில் நடந்து பூச்சிப் புழுக்களைப் பொறுக்கும். தண்ணீர் சுத்தமாக இருந்தால்தான் தங்கும். ஆலைகள் ஓடிய காலத்தில் சாக்கடையாகக் கிடந்த ஆறு இது. அந்தப் பறவை அங்கே நிற்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி. அடுத்த முறை மீன்கொத்தியும் கண்ணில் படலாம், நம் ஊர் மீன்கொத்தியின் உறவுதான்.

வின் புதர் | 26 அக்டோபர் 2024

நினைவூட்டல்: இன்றிரவு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. நாளை மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆண்டுதோறும் மனத்தைக் கனக்கச் செய்கிற நாள் இது. நாளைப் பகல் கட்டாயம் வெளியே போங்கள். ஹெர்மிட்டேஜ் ஆஃப் பிரெய்ட் என்ற காட்டுப் பள்ளத்தாக்கில் இலை முழங்காலுக்குக் கிடக்கிறது.

புதுக்குடை | 8 டிசம்பர் 2024

உண்மையைச் சொல்கிறேன், இந்த இரண்டு வாரமாக முடியவில்லை. மூன்றரை மணிக்குத் தெருவிளக்கு எரிகிறது. அம்மா தொலைபேசியில் "அங்கே பொழுதே விடியாதா?" என்று கேட்கிறாள். காற்றும் மழையும் பக்கவாட்டில் அடிக்கிறது. நேற்று காலணியை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

வின் புதர் | 8 டிசம்பர் 2024

தம்பி, இது எல்லோருக்கும் வருவது. முதல் குளிர்காலத்தில் நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். இந்த வானத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் சொல் 'ட்ரீக்'. நம் பாட்டிமார் சொல்கிற "மப்பும் மந்தாரமும்" அப்படியே அதுதான், கூடவே நசநசப்பு. பெயர் வைத்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு பிளாக்ஃபோர்டு குளத்தருகே இருப்பேன். ஒருவரும் வராவிட்டாலும் நடப்பேன். விருப்பமுள்ளவர்கள் வரலாம். ஃபிளாஸ்கில் சுக்குக் காபி கொண்டுவருகிறேன்.

லீத் கரை | 9 டிசம்பர் 2024

நானும் வருகிறேன். புதுக்குடை, அதற்கு முன் ஒரு நாள் மதியம் தாவரத் தோட்டத்தின் பீச் வேலியைப் பாருங்கள். நூறு ஆண்டைத் தாண்டிய வேலி, எட்டு மீட்டர் உயரம். மற்ற மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும்போது, வேலியாக வெட்டிவிட்ட பீச் மட்டும் காய்ந்த இலையை உதிர்க்காமல் வசந்தம் வரை வைத்துக்கொண்டிருக்கும். இரண்டு மணி வெயில் சாய்வாக அதில் விழுந்தால் வேலி முழுவதும் செப்புப் பாத்திரம் புளி போட்டு விளக்கியதுபோல் இருக்கும்.

புதுக்குடை | 15 டிசம்பர் 2024

நேற்று ஐந்து பேர் வந்திருந்தோம். பிளாக்ஃபோர்டு மலை 164 மீட்டர்தான், ஆனால் உச்சியில் நின்றால் கோட்டை, ஆர்தர்ஸ் சீட், அதற்கப்பால் கடல், எல்லாம் ஒரே வரிசையில் தெரிகின்றன. இறங்கும்போது கல்படி ஐயா ஒரு பாறையைக் காட்டினார். 1840-இல் பனியாறுகளை ஆராய்ந்த லூயி அகாசி அதன் அடிப்பகுதியைப் பார்த்துவிட்டு, இது பனிக்கட்டியின் வேலை என்று சொன்னாராம். இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் பனியாறு அரைத்துப்போட்டது என்று நினைத்துக்கொண்டே சுக்குக் காபி குடித்தேன். கை விறைத்திருந்தது, தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு நின்றோம்.

பீச் வேலியை வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். "இலை காய்ந்தும் விடவில்லையே" என்றாள். அன்றைக்குப் பிறகு அவள் வானிலை கேட்பதில்லை, வேலியைக் கேட்கிறாள்.

வடகடல் | 1 ஜனவரி 2025

புத்தாண்டு வாழ்த்துகள். காற்றினால் 'ஹாக்மனே' என்கிற புத்தாண்டு இரவுத் தெரு விழாவையும் கோட்டை வாணவேடிக்கையையும் ரத்து செய்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்டவர்களுக்காக எழுதுகிறேன். இன்று காலை போர்ட்டோபெல்லோ கடற்கரைக்கு வந்தோம், எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். அலை தடுப்புச்சுவரில் மோதுகிறது, நாய்கள் ஓடுகின்றன, முன்பின் தெரியாதவர்கள் கைகொடுத்து வாழ்த்துச் சொல்கிறார்கள். மெரினாவில் காணும் பொங்கலன்று கூடுகிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த முகமலர்ச்சி அப்படியே இருந்தது.

லீத் கரை | 26 ஜனவரி 2025

வெள்ளிக்கிழமை இயோவின் புயலுக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். எல்லோரும் நலமா? தாவரத் தோட்டத்தின் மிக உயரமான மரம் சாய்ந்துவிட்டது. 29 மீட்டர் உயர இமயமலைத் தேவதாரு, 1859-இல் நட்டது. கண்ணாடிக் கூடங்களுக்கும் பலத்த சேதம். நம் நாட்டுமருந்துக் கடைகளில் துண்டுதுண்டாக விற்கிறார்களே, அதே தேவதாரு. பதினாறு ஆண்டுகளில் எத்தனை முறை அதன் அடியில் நின்றிருப்பேன். மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். என் மகள் நடை பழகிய நாட்களில் அந்த மரத்தடியில்தான் உட்காருவோம். செய்தியில் படத்தைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் எந்த வேலையும் ஓடவில்லை.

கல்படி | 26 ஜனவரி 2025

எனக்கும் அப்படித்தான் ஐயா. அந்தத் தோட்டம் 1670-இல் தொடங்கியது. இப்போதிருக்கும் இடத்துக்கு 1820-களில் வந்தது. அங்கே நம் மண்ணின் நினைவும் இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த தாவரவியலாளர் ராபர்ட் வைட், கோயம்புத்தூரில் பருத்தி ஆராய்ச்சியும் செய்தவர். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற தென்னிந்திய ஓவியர்கள் வரைந்த தாவர ஓவியங்கள் நூற்றுக்கணக்கில் அந்தத் தோட்டத்தின் சேமிப்பில்தான் உள்ளன. மரம் போய்விட்டது. இலை ஒவ்வொன்றையும் நரம்போடு வரைந்த தாள்கள் இருக்கின்றன.

புதுக்குடை | 16 பிப்ரவரி 2025

தோட்டம் திறந்தபின் போனேன். வெட்டிய இடத்தில் பிசின் மணம் இன்னும் இருக்கிறது. வேலி நிற்கிறது. பக்கத்தில் புல்லுக்குள் வெள்ளையாக ஸ்னோடிராப் பூத்திருக்கிறது. லீத் கரை ஐயா, நீங்கள் இன்னும் போகவில்லை என்றால் சொல்லுங்கள், சேர்ந்து போகலாம்.

வின் புதர் | 13 ஏப்ரல் 2025

இன்று என் நாள்! இந்தப் பெயரை ஏன் வைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 'வின்' என்பது கார்ஸ் செடிக்கு ஸ்காட்லாந்துக்காரர்கள் சொல்லும் பெயர். உடம்பெல்லாம் முள், மஞ்சள் பூ. ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கும். ஏப்ரல், மே மாதங்களில் மலை முழுவதும் மஞ்சள் பூசிக்கொள்ளும். பிளாக்ஃபோர்டு மலையின் தென்சரிவில் வெயில் ஏறியபின் அதன் பக்கத்தில் போய் நின்று மூச்சை இழுங்கள். என்ன மணம் என்று நான் சொல்லமாட்டேன்.

புதுக்குடை | 20 ஏப்ரல் 2025

தேங்காய்! அக்கா, எப்படி முன்பே சொல்லாமல் இருந்தீர்கள்? புதருக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அம்மா திருவலகையில் உட்கார்ந்து துருவும்போது வருகிற வாசனை. முள் கன்னத்தில் கீறியதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

வடகடல் | 20 ஏப்ரல் 2025

துருவிய தேங்காய் இல்லை, வெயிலில் காய்கிற கொப்பரை.

கல்படி | 20 ஏப்ரல் 2025

கொப்பரையும் இல்லை. சர்க்கரைப் பாகில் போட்டுக் கிளறி இறக்கிய தேங்காய் பர்பி.

லீத் கரை | 21 ஏப்ரல் 2025

மூவரும் வேறு வேறு நேரத்தில் போயிருப்பீர்கள். வெயில் ஏற ஏற மணம் மாறும்.

இப்போது ஆற்றங்கரையில் காட்டுப்பூண்டு மண்டிக்கிடக்கிறது, தூரத்திலேயே மூக்கில் ஏறும். இலையை ஒரு கைப்பிடி பறித்துத் துவையல் அரைக்கலாம். வரமிளகாய், உளுந்து, கொஞ்சம் புளி போதும், பூண்டு தனியாக வேண்டாம். ஆனால் கவனம். இதே இடத்தில் வளரும் வேறு சில செடிகளின் இலை நஞ்சு. ஒவ்வோர் இலையாகக் கசக்கி முகர்ந்து, பூண்டு மணம் வந்தால் மட்டும் பறியுங்கள். கிழங்கோடு பிடுங்கக் கூடாது. நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேரோடு எடுப்பது சட்டப்படி குற்றம்.

பயணப்பெட்டி | 4 மே 2025

இந்த முறை ஒரு வாரம் வந்திருக்கிறேன். மெடோஸ் பூங்காவில் செர்ரி இதழ் கொட்டிக்கொண்டிருந்தது. முன்பு ஏரியாக இருந்து ஊருக்குத் தண்ணீர் கொடுத்த இடம் என்று கல்படி ஐயா சொன்னார். இங்கே எழுதியவர்கள் நால்வரோடு நடந்தேன், அவர்களுக்கு நன்றி.

நேற்று க்ரமண்ட் போகிற திட்டத்தில் நல்ல வெயிலில் கிளம்பினோம். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது எதிரே இருக்கும் தீவைக் காணவில்லை. கடலையும் காணவில்லை. வெண்மையாக ஏதோ தெருவுக்குள் ஏறி வந்து எங்களை மூடிக்கொண்டது.

வடகடல் | 4 மே 2025

அதுதான் 'ஹார்'. வெப்பக் காற்று குளிர்ந்த வடகடலைத் தொட்டு மூடுபனியாகி, கீழைக்காற்றோடு கரையேறும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வரலாம். நகரத்துக்கு மேற்கே நல்ல வெயில் அடிக்கும்போது எங்கள் தெருவில் எதிர்வீடு தெரியாது. நீங்கள் திரும்பி வந்தது நல்லதாயிற்று. க்ரமண்ட் தீவுக்கான நடைபாதை கடல் வற்றும்போது மட்டும்தான் மேலே தெரியும். வற்று உச்சத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி, அவ்வளவுதான் பாதுகாப்பு. நேர அட்டவணை கரையிலேயே பலகையில் இருக்கிறது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் மனைவியும் தீவில் பேசிக்கொண்டே இருந்துவிட்டோம். பாதையோரம் வரிசையாக நிற்கும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கான்கிரீட் தூண்களின் அடி நனைய ஆரம்பித்திருந்தது. பாதை காய்ந்துதானே இருக்கிறது என்று இறங்கினோம். பாதி வழியில் தண்ணீர் ஓசையில்லாமல் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் கூடியது. கணுக்கால், பிறகு முழங்கால். என் மனைவி கையைப் பிடித்த பிடியின் தடம் மறுநாள் வரை இருந்தது. அலையடிக்காமல் வருகிற கடலை நாம் ஊரில் பார்த்ததில்லை. பலகையைப் படிக்காமல் யாரும் இறங்க வேண்டாம்.

புதுக்குடை | 24 ஜூன் 2025

அப்பா இரண்டு வாரம் வந்திருக்கிறார். இரவு பத்து மணிக்கு மெடோஸ் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். காலை நாலரைக்கே சூரியன் எழுந்துவிடுவதால் ஏரிக்கரைப் பழக்கம் எனக்குத் திரும்பிவிட்டது. இருவருமாக ஐந்தரைக்கு ஆற்றுப் பாதையில் இறங்குகிறோம். டிப்பரைக் காட்டினேன். "வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்குகிறவன் மாதிரி இருக்கிறது" என்றார்.

கல்படி | 11 ஆகஸ்ட் 2025

நேற்று மாலை ஆர்தர்ஸ் சீட்டில் தீ. விழாக் காலம் என்பதால் ஊர் நிறைய ஆள். புகை நகரம் முழுவதும் தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் இன்னும் மேலே இருக்கிறார்கள். எரிந்தது கார்ஸ் புதர்கள். இரண்டு நாளைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வின் புதர் | 11 ஆகஸ்ட் 2025

வார்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்தச் செடியில் எண்ணெய் இருக்கிறது, காய்ந்தால் பற்றிக்கொள்ளும். அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் புகையில் ஒரு தேங்காய் வாசனையும் இல்லை.

லீத் கரை | 12 ஆகஸ்ட் 2025

அடுத்த ஏப்ரலில் போய்ப் பார்ப்போம் அம்மா. எந்தப் பக்கம் முதலில் துளிர்க்கிறது என்று குறித்து வைப்போம்.

புதுக்குடை | 27 செப்டம்பர் 2025

ஓராண்டு கடந்துவிட்டது. பத்து நாளில் விமானம். பயணப்பெட்டி கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ரோஸ்பர்னிலிருந்து தாவரத் தோட்டம் வரை நூற்றுப்பதினான்கு முறை நடந்திருக்கிறேன், நாள்காட்டியில் குறித்திருக்கிறேன். ஆர்தர்ஸ் சீட் உச்சிக்கு ஒரே முறைதான் போனேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இன்று காலை ஓவியக்கூடத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தேன். இரும்பு மனிதனுக்குத் தண்ணீர் கணுக்காலில் இருந்தது. மேலே நாய்கள் கூட்டமாகக் குரைப்பதுபோல் சத்தம். நிமிர்ந்து பார்த்தால் வாத்துக் கூட்டம், வளைந்த கோடாக, ஒன்றன்பின் ஒன்றாக. எனக்கு முன்னால் போன மூதாட்டி நின்று, கைத்தடியை வானத்தை நோக்கி நீட்டி, "பிங்க்ஃபீட், ஐஸ்லாந்திலிருந்து வருகின்றன" என்றார். இருவரும் அவை மறையும்வரை நின்றோம். போன செப்டம்பரிலும் இவை இதே வானத்தில் போயிருக்கும், நான் கவனிக்கவில்லை.

மழைக்கோட்டையும் காலணியையும் விட்டுச்செல்கிறேன். காலணி எட்டாம் எண். புதிதாக வருகிறவர் யாருக்காவது பொருந்தினால் எழுதுங்கள்.

வின் புதர் | 27 செப்டம்பர் 2025

சனிக்கிழமை பதினோரு மணி, பிளாக்ஃபோர்டு குளம். போவதற்கு முன் ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள் தம்பி. சுக்குக் காபி கொண்டுவருகிறேன்.

மார்ச்மாண்ட் புதியவர் | 29 செப்டம்பர் 2025

வணக்கம். இந்த வாரம்தான் வந்தேன். எனக்கும் எட்டாம் எண்தான். சனிக்கிழமை நானும் வரலாமா?